ரெட்டிசன்ட்

தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தைன்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன். ஒரு வாரம்கூட நிக்கல. இப்போ காலைல இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் மட்டும். புது வார்த்தை வந்தா உடனே அகராதியைத் தொடுறதில்ல, பென்சில்ல ஒரு கோடு, அவ்வளவுதான்.

‘ரெட்டிசன்ட்’ (reticent) அப்படித்தான் மூணு இடத்துல எதிர்ப்பட்டுச்சு. முதல்ல ‘ரிலக்டன்ட்’ (reluctant), அதாவது ஒண்ணைச் செய்யத் தயங்குறதுன்னுதான் நினைச்சேன். மூணாவது தடவைதான் பிடிபட்டுச்சு: இது செய்யத் தயங்குறது இல்ல, மனசுல இருக்கறதை வெளிய சொல்லத் தயங்குறது. அப்புறம்தான் அகராதியைப் புரட்டினேன். லத்தீன் வேருக்கு அர்த்தமே ‘மௌனமா இருத்தல்’. எவ்வளவு அழகு!

இனி இந்த வார்த்தை எங்க வந்தாலும் அப்பா ஞாபகம்தான். சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டா, தட்டைப் பார்த்துக்கிட்டே தலையை மட்டும் ஆட்டுவார்.