ஜெர்மனிக்கு ஒரு மாதிரி, ஜப்பானுக்கு வேறு மாதிரி

பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீம் கார்களுக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறது. ஒரு கிளையண்ட் ஜப்பான், இன்னொரு கிளையண்ட் ஜெர்மனி. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். ஜெர்மனி கோடையில் அதே மூன்றரை மணி நேரம் பின்னால். நேரம் சீக்கிரம் பழகிவிட்டது. பேச்சு பழகத்தான் நாளானது.

கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பெண்களைக் காட்டினார்கள். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை எவ்வளவு ஏற்றுக்கொள்கிறோம் என்பதில் இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. அவ்வளவு பழைய எண்ணை வைத்து இன்றைய பையன்களை அளக்க முடியாது என்பது என் கட்சி. ஆனாலும் அடுத்த வாரமே அந்த வித்தியாசம் கண்முன் வந்து நின்றது.

ரிவ்யூவில் ஜெர்மன் இன்ஜினியர், "இந்த டிசைன் தப்பு, மறுபடி செய்யுங்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எழுதியவன் சிவகாசிப் பையன். மதியம் சாப்பிடவே வரவில்லை. "அண்ணே, மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாருண்ணே" என்றான். அதே மனிதர் வீடியோ கால் முடிவதற்குள் அவனிடமே வார இறுதிக்கு என்ன திட்டம் என்று விசாரித்ததை இவன் கவனிக்கவே இல்லை. "அவர் சொன்னது டிசைனை. எந்த இடம் தப்புன்னு நேரா போன் போட்டுக் கேளு" என்றேன். கேட்டான். அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார்.

அதிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் மெயிலில் கெட்ட செய்திதான் முதல் வரி. "முடிஞ்சிடும் சார்" கிடையாது. வெள்ளிக்கிழமை எது கையில் இருக்கும், எது இருக்காது, எதனால் என்று எழுத வேண்டும். வீடியோவில் தலையை மட்டும் ஆட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். நம் தலையாட்டலில் ஆமாவா இல்லையா என்று அவர்கள் திண்டாடிப் போகிறார்கள்.

ஜப்பான் கதை வேறு. மீட்டிங்கில் எதைக் கேட்டாலும் அமைதி. அந்த அமைதி நம் ஆட்களுக்குத் தாங்காது. யாரும் கேட்காமலே, "வேணும்னா ஒரு வாரம் முன்னாடியே தர்றோம்" என்று தேதியைக் குறைத்துவிடுவார்கள்! இப்போது கேள்வி கேட்டதும் மைக்கை மியூட் செய்துவிட்டுத் தண்ணீர் குடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே பெரும்பாலும் முடிவு மீட்டிங்குக்கு முன்பே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி எடுக்கப்படுகிறது. அதனால் ஆவணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நடுவில் இருக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் யாருக்கு என்ன தயக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. "கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம்" என்று அவர்கள் இழுத்தால் அது முடியாது என்பது ஓசூர்ப் பையனுக்கும் உடனே புரிந்துவிடும். கைமாத்து கேட்கும் சொந்தக்காரரிடம் "பார்க்கலாம் மாமா" என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம்.

விடுமுறைகளை எல்லோருக்கும் பொதுவான காலண்டரில் ஏற்றிவிட்டோம். ஆகஸ்ட்டில் ஜெர்மனியில் பாதிப் பேர் லீவு, ஜப்பானில் ஓபோன் பண்டிகை. ஆயுத பூஜைக்கு நாங்கள் கிடைக்க மாட்டோம். அந்த வாரங்களில் டெலிவரி தேதியே வைப்பதில்லை.