ஏழை அடுப்பிலிருந்து பாரம்பரியப் பட்டியலுக்கு

கரீபியன் தீவு நாடான ஹைட்டியின் ஜூமு சூப்பைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. சாதாரணப் பூசணி சூப்தான். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் அதைச் சமைத்தவர்கள் அடிமைகள், சாப்பிட்டவர்கள் எஜமானர்கள். 1804 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை அடைந்தது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் வீட்டுக்கு வீடு அந்தச் சூப்பைக் காய்ச்சுகிறார்கள். மறுக்கப்பட்ட ஒரு கிண்ணத்தை இருநூறு வருஷமாக உரிமையோடு குடிக்கிறார்கள்! 2021-ல் ஐ.நா.வின் பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ அதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஹைட்டியிலிருந்து அதில் ஏறிய முதல் மரபு அதுதான்.

நேப்பிள்ஸ் பீட்சாவும் ஒரு காலத்தில் தெருவில் விற்ற ஏழைச் சாப்பாடு. அதைச் செய்யும் கலைக்கு 2017-ல் அங்கீகாரம் கிடைத்தது.

இதெல்லாம் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கூடவே ஒரு கவலையும் உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை விவசாயிகள் விளைவிக்கும் கினோவா என்ற தானியத்தை வெகுகாலம் மட்டமாகத்தான் பார்த்தார்கள். ஐ.நா. 2013-ஐ கினோவா ஆண்டாகவே கொண்டாடியது. உலகம் முழுக்கக் கேட்க ஆரம்பித்ததும் விலை எகிறியது. பெருமை தட்டுக்கு மட்டும் போய், விளைவித்த கை மறந்துபோனால் அது என்ன அங்கீகாரம்?

அதனால்தான் ஆப்பிரிக்க நாடான மலாவியின் நிசிமா எனக்குப் பிடிக்கிறது. வெறும் சோளமாவுக் களி. 2017-ல் அதுவும் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பதிவில் சோளம் இடிக்கவும் மாவு சலிக்கவும் சின்ன வயதிலேயே பழகும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.