அப்பாவின் முன் சீட்

மே 20, செவ்வாய்

பின் சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரத்தில், விடிந்தும் விடியாத தெருவில் நின்று எவ்வளவு நேரம்தான் வாதாடுவது? முன்னால்தான் உட்கார்ந்தார். அடையார் வரைக்கும் நாற்பதைத் தாண்டவில்லை. முன்னால் போன பால் வண்டி பிரேக் போட்டபோதெல்லாம் என் கண் அவர் பக்கத்து டேஷ்போர்டுக்கு ஓடியது. ஏர்பேக் என்று எழுத்து பதித்த அந்த மூடி. வருடக்கணக்கில் இந்த வண்டியை ஓட்டுகிறேன், அதை இப்படிப் பார்த்ததில்லை.

மே 21

ஏர்பேக் மோதலில் வெடித்துச் சிதறலாம், மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று கார் கம்பெனி அனுப்பிய ரீகால் கடிதத்தின் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் படித்தேன். சேஸிஸ் நம்பரின் 17 எழுத்தும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. கம்பெனியின் இணையதளத்திலும் போட்டுப் பார்த்தேன். பயணி பக்க இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக்கை ஊத வைக்கும் குப்பி, இன்னும் மாற்றப்படவில்லை.

கடிதம் போய்ச் சேர்ந்தது வண்டியின் முதல் ஓனருக்கு. புரசைவாக்கத்தில் வீடு காலி செய்யும்போது பழைய காகிதங்களுக்கு நடுவில் கிடைத்ததாம். என் நம்பரை யார் யாரிடமோ கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார். கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? கை மாறிய வண்டிகளுக்கெல்லாம் இப்படி ஒரு மனிதர் வாய்ப்பாரா?

மே 22, வியாழன்

"இத்தனை வருஷம் வெடிக்காதது இப்ப வெடிக்கப்போகுதா?" அப்பா.

"ஓடுற வண்டியைப் பிரிக்கக் கூடாது மேடம். டேஷ்போர்டைக் கழட்டினா அப்புறம் ஆயுசுக்கும் கடகடன்னு சத்தம் வரும்." மெக்கானிக் பாய்.

பயமாக இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கித் தருகிறேன் என்கிறார் பாய். பிடுங்கினால் என் பக்கத்து ஏர்பேக்கும் போய்விடும், மோதும்போது பெல்ட்டை இறுக்குகிற அமைப்பும் போய்விடும். வேண்டாம் பாய் என்றேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

மே 24

ஈரப்பதம் 81. போன் காட்டுகிறது.

மே 25, ஞாயிறு

இன்று முழுக்க இதேதான். அப்பா ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி செய்தவர். அவரிடம் பயம் காட்டினால் எடுபடாது, எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால் கேட்பார். சாப்பிட்டு முடித்ததும் உட்கார வைத்துச் சொன்னேன்.

வண்டி மோதியதும் சென்சார் ஒரு மின் பொறியைத் தட்டுகிறது. இரும்புக் குப்பிக்குள் இருக்கும் வில்லைகள் எரிந்து வாயு கிளம்புகிறது. கண் இமைப்பதற்குள் பை ஊதிவிடும். இந்த ஏர்பேக்கைச் செய்த ஜப்பானின் டகாட்டா கம்பெனி அந்த வில்லைகளை அம்மோனியம் நைட்ரேட்டில் செய்தது. அதில்தான் பிரச்சினை.

"உள்ள இருக்கறது பட்டாசு மருந்து மாதிரிதானே? நமத்துப்போனா புஸ்ஸுன்னு போயிடும். அது எப்படி வெடிக்கும்?" என்றார்.

சரியான கேள்வி. எனக்கும் முதலில் இதுதான் குழப்பம். நமத்த பட்டாசு அணைந்துபோகிறது, இது தலைகீழ். பகலில் சூடாகி இரவில் ஆறி, காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், வருடக்கணக்கில் அந்த வில்லை உப்பி, துளை விழுந்து, பொடிந்துபோகிறது. கெட்டியான வில்லை என்றால் மேலிருந்து ஒழுங்காக எரிந்துகொண்டு வரும். பொடிந்தது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தீப்பிடிக்கும். அழுத்தம் தாங்காமல் குப்பியே கிழிந்து, பையைக் குத்திக்கொண்டு இரும்புத் துண்டுகளாக வரும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குப்பியோட சுவர் எவ்வளவு கனம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படிக் கேட்டாரே, அதுவே போதும்.

வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் மோசம். அமெரிக்காவில் ஃபுளோரிடா, ஹவாய் போன்ற இடங்களை முதல் வரிசையில் வைத்து மாற்றினார்கள். மலேசியாவில் சிபு நகரில் 2014-ல் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தார். ஃபுளோரிடா வேண்டாம், திருவான்மியூரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கூரை இல்லாமல், 2013-ல் செய்த வண்டி கத்திரி வெயிலில் நிற்கிறது.

மே 27, செவ்வாய்

பின் சீட்டில் உட்கார்ந்தார், எனக்காக. போகும்போது ஒன்றும் இல்லை.

திரும்பும்போது இந்திரா நகர் சிக்னலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரம் நீர் இழுத்த உடம்பு. முன்னால் என்றால் சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டிவிடுவார். பின்னால் நீட்ட இடமில்லை. அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை, இன்று கத்தினார். மெட்ரோ தடுப்புக்குப் பக்கத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டு இறங்கி ஓடினேன். பின்னால் பஸ் ஹாரன். காலைப் பிடித்துவிட்டு, கைத்தாங்கலாக முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தேன். பிஸ்டுலா போட்ட கையை, டயாலிசிஸ் ஊசி ஏறும் கையை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தார்.

வீடு வரைக்கும் இருவரும் பேசவில்லை.

மே 29

முன்னால்தான்.

ஜூன் 1, ஞாயிறு

தம்பி சிட்னியிலிருந்து பேசினான். அவன் வண்டிக்கு அப்போது எத்தனையோ கடிதம், போன் எல்லாம் வந்ததாம். அங்கே 2018-ல் அரசாங்கமே கட்டாய ரீகால் போட்டது. சுமார் 30 லட்சம் வண்டிகள். மாற்றாத வண்டிகளின் பதிவிலேயே சில மாநிலங்கள் கை வைத்தன. அதற்கு முந்தைய வருடம் சிட்னியில் ஒருவர் இறந்திருந்தார், கழுத்தில் பாய்ந்த சின்னத் துண்டால்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், அரசு உத்தரவிட்டு வண்டிகளைத் திரும்பப் பெற வைக்கலாம், கம்பெனிக்கு அபராதமும் உண்டு. ஆனால் ஏழு வயதுக்குக் குறைந்த வண்டிகளுக்குத்தான். இதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. இந்தக் கோளாறு வண்டிக்கு வயது ஏற ஏறத்தானே முற்றும்! பழைய வண்டி யாரிடம் இருக்கும்? இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்களிடம். கடிதம் போய்ச் சேராதவர்களும் அவர்கள்தான். முதலில் அவர்களைத்தானே தேடிப் போக வேண்டும்?

என் வண்டிக்குக் கம்பெனி தானாக அறிவித்த ரீகால் இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். அந்த மட்டில் சரி.

ஜூன் 3, செவ்வாய்

சர்வீஸ் சென்டருக்கு போன். பார்ட் இருப்பில் இல்லை. வண்டியை ஒருமுறை கொண்டுவந்து காட்டினால் ஆர்டர் போடுவார்கள். வந்ததும் கூப்பிடுவார்கள். "எத்தனை நாள் ஆகும்?" "சொல்ல முடியாது மேடம்."

ஜூன் 4

காட்டிவிட்டு வந்தேன். சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினான். புதிதாகப் போடப்போவது எந்தக் கம்பெனியின் இன்ஃப்ளேட்டர் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆரம்பத்தில் அமெரிக்காவில் பழசை எடுத்துவிட்டு அதே வகையில் புதிதாக ஒன்றைப் போட்டார்கள். ஈரம் உறிஞ்சும் பொருள்கூட அதில் கிடையாது. பிற்பாடு அதையும் மறுபடி மாற்ற வேண்டி வந்தது. அதே மருந்தை இன்னொரு தரம் அப்பா முன்னால் வைக்க நான் விடமாட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

இப்படியும் யோசித்துப் பார்த்தேன். மோதினால்தான் ஏர்பேக் திறக்கும். திறந்தாலும் கெட்டுப்போன எல்லாமே கிழிவதில்லை. கோடிக்கணக்கில் பொருத்தியதில், அமெரிக்காவில் இறந்தவர்கள் 25-க்கும் கொஞ்சம் மேல். அந்தக் கணக்கில் என் வண்டி எங்கே, அப்பா எங்கே? மறுபக்கம் கால் பிடித்துக்கொள்வது ஒவ்வொரு முறையும் நடக்கக்கூடியது, நான் கண்ணால் பார்த்தது. ஆக, பார்ட் வரும்வரை முன் சீட். இது என் முடிவு. பாயும் அப்பாவும் சொன்னதற்காக இல்லை.

எழுதி முடித்த பிறகும் அந்தக் கழுத்து நினைப்பு போகவில்லை.

ஜூன் 10

டாக்ஸியில் போகலாமே என்கிறாள் தோழி. எந்த டாக்ஸியின் சேஸிஸ் நம்பரை நான் தட்டிப் பார்க்கப்போகிறேன்? காலை ஐந்தரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்கிறவர்களை நம்பி அப்பாவை வாசலில் நிறுத்தவும் முடியாது.

ஜூன் 12, வியாழன்

அப்பாவுக்கு எடை 2.6 கிலோ கூடியிருக்கிறது. தண்ணீர் அளவு தாண்டிவிட்டார். நர்ஸ் திட்டினார். வெயிலுக்கு நாக்கு வறண்டால் அவர் என்னதான் செய்வார். இளநீர் கூடாது, மோர் அளவோடு.

ஈரப்பதம் பார்க்கவில்லை இன்று.

ஜூன் 14

பார்த்தேன். 79.

ஜூன் 18, புதன்

தம்பி காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். பிரான்ஸில் ரேன்ஸ் நகருக்குப் பக்கத்தில் போன வாரம் ஒரு பெண் இறந்துவிட்டார். சிட்ரோயன் சி3, 2014-ல் செய்த வண்டி. டகாட்டா ஏர்பேக். அந்த மாடலில், மாற்றப்படாத வண்டிகளை மாற்றும்வரை எடுக்கவே கூடாது என்று நேற்று அறிவித்துவிட்டார்கள்.

போன வாரம்! 2017-லேயே திவாலான கம்பெனி. அது செய்த பொருள் இன்னும் ஆளைக் கொல்கிறது. ரேன்ஸ் ஒன்றும் வேர்த்துக் கொட்டுகிற ஊர் இல்லையே.

ஆபீஸில் வேலை ஓடவில்லை. சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போன் செய்தேன். வரவில்லை மேடம், வரவில்லை மேடம். கொஞ்சம் கத்திவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அப்பாவிடம் செய்தியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அந்தப் பொண்ணுக்குக் குழந்தைங்க இருந்திருக்குமா?" என்றார். பிறகு அவராகவே பின் கதவைத் திறந்தார். நான்தான் வேண்டாம் என்று முன்னால் உட்கார வைத்தேன்.

எது சரி என்று இன்னும் தெரியவில்லை. வேகம் முப்பது. டைடல் பார்க் பக்கம் போகாமல் உள் தெருக்கள் வழியாகவே போய் வந்தோம்.

ஜூன் 21

அமெரிக்காவில் 2014-ல் பார்ட் கிடைக்காதபோது டொயோட்டா டீலர்கள் பயணி பக்க ஏர்பேக்கை அணைத்துவிட்டு, அந்த சீட்டில் யாரும் உட்கார வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அட்வைசரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் அணைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். இங்கே அப்படி உத்தரவு இல்லையாம். எழுத்தில் தரச் சொன்னேன். தரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது!! டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருந்தபோது போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வண்டியை விட வேண்டும், சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். என் கேள்விக்கும் பதில் கிடைத்தது. வேறு கம்பெனி தயாரிப்பு, அம்மோனியம் நைட்ரேட் இல்லை. ஜாப் கார்டில் புது பார்ட் நம்பரை எழுதித் தருவார்களா என்று கேட்டேன். தருவார்களாம்.

அப்பா மிஷினில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்ல மனமில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 25

பாய் கேட்டார்: "சத்தம் வந்தா?" வரட்டும் பாய்.

ஜூன் 26, வியாழன்

இன்று பாதியில் பிரஷர் இறங்கி, மிஷினைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். எடுக்க வேண்டிய நீர் உடம்பில் நிற்கிறது. நாளை காலையும் வரச் சொல்கிறார் டாக்டர். நாளைக்கே.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். இந்தத் தேதி விட்டால் அடுத்த வாரக் கடைசிதான். பார்ட்டை வேறு வண்டிக்குக் கொடுக்கவும் கூடும் என்று இழுத்தான் பையன். அப்பா சொன்னார், "வண்டியைக் கொண்டுபோய் விடு. நான் எப்படியாவது போய்க்கிறேன்." எப்படியாவது என்றால் எப்படி? நடக்கும்போது இன்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தள்ளிப்போட மாட்டேன். வண்டி நாளைக்கு உள்ளே போகிறது, அப்பாவும் மிஷினுக்குப் போகிறார். மடிப்பாக்கம் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். ஐந்து மணிக்கே வந்துவிடுகிறேன் என்றார், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வண்டி எந்த வருடத்தது என்று நான்தான் கேட்டேன். 2012 என்கிறார், அதுவும் வாங்கியது இரண்டாவது கையாக. ஆர்.சி.யை உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.