144 என்று எழுதும் முன்: சட்டத் தேர்வு எழுதுவோருக்கு

கூட்டம் கூடும் உரிமை பற்றிய கேள்வியில் எனக்குப் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ‘இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 144-இன்படி தடை உத்தரவு போடலாம்’ என்று எழுதியிருந்தேன். தடை உத்தரவு இருந்ததோ குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-இல். தண்டனைச் சட்டத்தின் 144, கொடிய ஆயுதத்தோடு சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்பவருக்கான தண்டனை.

2024 ஜூலை 1 முதல் இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்து, எண்கள் பிரிந்துவிட்டன. தடை உத்தரவு, புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 163. சட்டவிரோதக் கூட்டம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 189. பழைய தீர்ப்புகள் 144 என்றே பேசும் என்பதால் நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம், கைடை மட்டும் நம்பாமல் மூலச் சட்டத்தைப் படியுங்கள். ‘144 போட்டால் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது’ என்று எல்லோரும் சொல்வோம். பிரிவு 163-ஐ வரி வரியாக விரல் வைத்துப் படித்தால், எத்தனை பேர் என்ற எண்ணே அதில் இல்லை. அது அதிகாரி போடும் உத்தரவில் வருவது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் என்பது 189-இன் கணக்கு. அங்கும் வெறுமனே கூடுவது குற்றமில்லை. அந்தப் பிரிவு சொல்லும் நோக்கங்களில் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். தேர்வாளர் பார்ப்பது இந்த நுணுக்கத்தைத்தான். நாளை வழக்கறிஞராக நிற்கும்போது ஒருவருடைய விடுதலையே இதில் தொங்கலாம்.

கூட்டம் கூடும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் உறுப்பு 19(1)(பி) சிறியது: அமைதியாக, ஆயுதமின்றி, குடிமக்களுக்கு மட்டும். 19(3)-இல் இறையாண்மையும் ஒருமைப்பாடும், பொது ஒழுங்கும் மட்டுமே கட்டுப்பாட்டுக்கான காரணங்கள். பேச்சுரிமைக்கான 19(2)-இன் நீண்ட பட்டியலை இங்கே ஒட்டிவிடாதீர்கள்.

தீர்ப்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜோடியாகப் படியுங்கள். டெல்லி ஜந்தர் மந்தர் வழக்கில் (2018) போராட்டத்துக்கு முழுத் தடை கூடாது, நெறிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். டெல்லி ஷாஹீன் பாக் சாலை மறியல் தொடர்பான அமித் சாஹ்னி வழக்கில் (2020) பொதுவழியைக் காலவரையின்றி அடைக்க முடியாது என்றது. இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் விடை இருக்கிறது.

மறுமுறை எழுதியபோது வந்த கேள்வி: மாணவர்கள் மெழுகுவத்தி ஊர்வலம் போகிறார்கள், தடை உத்தரவில் காரணமே சொல்லப்படவில்லை, அது செல்லுமா? ‘முக்கிய உண்மைகளைக் குறிப்பிட்டு எழுத்துமூலமான உத்தரவு’ என்ற பிரிவின் சொற்களில் தொடங்கினேன். காஷ்மீரில் போட்ட கட்டுப்பாடுகள் பற்றிய அனுராதா பசின் தீர்ப்பை (2020) வைத்து, நியாயமான கருத்தை அடக்க இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று எழுதினேன். உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது, மாநில அரசு மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம் என்பதைக் கடைசி வரியில் சேர்த்தேன். இந்த முறை அந்தக் கேள்வியில் மதிப்பெண் குறையவில்லை.