பிட்ஸ்பர்கில் நிலமதிப்பு வரியைக் கவிழ்த்தது எது?

கட்டடத்துக்குக் குறைத்து அல்லது அதை விட்டுவிட்டு, மண்ணின் மதிப்பின்மேல் போடுவது நிலமதிப்பு வரி. அதற்காக வாதாடுகிறவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை அடிக்கடி காட்டுவார்கள். 1980களில் அங்கே கட்டுமானம் பெருகியதைச் சொல்வார்கள். 2001-ல் அதே நகரம் அந்த வரியையே தூக்கிப் போட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பாடம் இருப்பது அங்கேதான்.

முதலில் கணக்கு. ஒரே தெருவில் ஒரே அளவில் இரண்டு மனை. ஒவ்வொரு மனையின் மண்ணும் 1,00,000 டாலர். ஒன்று காலியாகக் கிடக்கிறது, உரிமையாளர் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். இன்னொன்றில் 3,00,000 டாலர் பெறுமான கட்டடம். எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் என்றால் காலி மனைக்கு 2,000, கட்டியவருக்கு 8,000. கட்டினதற்குத் தண்டம்! நகராட்சிக்கு அதே 10,000 வரவேண்டும், ஆனால் மண்ணுக்கான விகிதம் கட்டடத்துக்கு உள்ளதைப்போல் நான்கு மடங்கு என்று வைத்தால், கட்டடத்துக்கு 0.91, மண்ணுக்கு 3.64 சதவீதம் வரும். காலி மனைக்காரர் 3,636 கட்டுவார், கட்டியவர் 6,364. கட்டடத்தை முழுவதும் விட்டுவிட்டால் மண்ணுக்கு 5 சதவீதம், ஆளுக்கு 5,000. அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் 1879-ல் கேட்டது இந்தக் கடைசி நிலையை. தெருவும் ரயிலும் சந்தையும் வந்ததால் ஏறிய மண்ணின் விலை ஊராருடைய உழைப்பு, அதை ஊரே எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம்.

பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் 1913-ல் சட்டம் போட்டு இதைப் பாதி ஏற்றது. பிட்ஸ்பர்கில் கட்டடத்துக்கான விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1925-ல் மண்ணுக்கு உள்ளதில் பாதியாக்கினார்கள். 1979-80-ல் மண்ணின் விகிதத்தை மளமளவென்று ஏற்றி, கட்டடத்துக்கு உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கொண்டுபோனார்கள். அடுத்த பத்தாண்டில் கட்டட அனுமதிகளின் மதிப்பு முந்தைய இருபது ஆண்டுச் சராசரியைவிடச் சுமார் 70 சதவீதம் கூடியதாக ஓட்ஸ், ஷ்வாப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1997-ல் எழுதினார்கள். முழுப் பெருமையையும் வரிக்கே அவர்கள் கொடுக்கவில்லை. நகர மையத்தில் அலுவலக இடத்துக்குத் தட்டுப்பாடு இருந்தது. கட்டுமானத்தைக் கெடுக்கும் வேறு வரிகளை ஏற்றாமல் நகரம் சமாளிக்க இந்த வரி உதவியது என்றார்கள். நியாயமான தீர்ப்பு.

சரி, பிறகு ஏன் கைவிட்டார்கள்? மதிப்பீடு. அதைச் செய்தது நகரமல்ல, மாவட்ட நிர்வாகம். மதிப்புகள் பழசாகிக் கிடந்தன. ஒரே விகித வரியில் மண் எவ்வளவு, கட்டடம் எவ்வளவு என்று தவறாகப் பிரித்தாலும் யாருக்கும் வலிக்காது. 4,00,000 டாலர் சொத்து எப்படிப் பிரித்தாலும் 4,00,000தான். இரட்டை விகிதத்தில் அப்படியில்லை. மேலே சொன்ன கட்டியவரின் கணக்கில் 50,000 டாலரைக் கட்டடத்திலிருந்து மண்ணுக்கு மாற்றி எழுதுங்கள்: 6,364 என்பது 7,727 ஆகிவிடும். 2001-ல் மறுமதிப்பீடு வந்து மண்ணின் மதிப்பு எகிறியபோது வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். நகரமன்றம் மதிப்பீட்டைச் சரிசெய்யக் காத்திருக்காமல் வரியையே எடுத்துவிட்டது.

மண்ணின் மதிப்பைத் தனியாகக் கணிக்க முடியாது என்பது சோம்பேறி வாதம். காலி மனை விற்பனைகள் முதல் ஆதாரம். அவை குறைவான பகுதியில், விற்ற விலையிலிருந்து அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவைத் தேய்மானம் கழித்து எடுத்துவிட்டால் மீதி மண்ணுடையது. ஆழத்துக்குப் பழைய விதி ஒன்று உண்டு: 100 அடி ஆழ மனையைத் தெருவிலிருந்து 25 அடியாக நான்காகப் பிரித்தால், மதிப்பில் 40, 30, 20, 10 சதவீதம் முறையே சேரும். ஆக, முன்பாதி மட்டும் உள்ளவரிடம் 70 சதவீத மதிப்பு இருக்கிறது. கடைத்தெருவுக்கு இது பொருந்தும். குடியிருப்புத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. மூலைமனைக்குத் தனிக் கூட்டல். எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றினால், பக்கத்து மனைகளோடு ஒட்டாத எண் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆர்வலர்களே மறக்கும் இன்னொரு பொறி, வரி போட்டதும் நிலத்தின் விலை இறங்குவது. ஆண்டுக்கு 5,000 டாலர் வாடகை தரும் மண், வட்டி 5 சதவீதம் என்றால் 1,00,000-க்கு விலைபோகும். அதன்மேல் 5 சதவீத வரி போட்டால், வாங்குபவர் வட்டியையும் வரியையும் சேர்த்துப் பார்ப்பார். விலை 50,000 ஆகும். அடுத்த மதிப்பீட்டில் அதே 5 சதவீதம் 2,500-தான் தரும். அதனால் விகிதம் உயர உயர, விற்பனை விலையை விட்டுவிட்டு ஆண்டு வாடகை மதிப்பில் வரி போடுவதே சரி.

அதே மாநிலத்தின் அல்டூனா நகரம் 2002-ல் இந்த வரியைத் தொடங்கி 2011-ல் கட்டடத்தை முழுதாக விலக்கியது. 2016-ல் அதுவும் கைவிட்டது. அங்கே நகரின் வரி மட்டும்தான் மாறியிருந்தது. மாவட்ட வரியும் பள்ளி வரியும் வழக்கம்போல மண், கட்டடம் இரண்டின்மேலும் விழுந்துகொண்டிருந்தன. கட்ட நினைப்பவரின் மொத்த ரசீதில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. பெரிய வீட்டில் சின்ன ஓய்வூதியத்தோடு இருக்கும் முதியவரின் கதை எல்லா ஊரிலும் எழும். அதற்கு டென்மார்க்கில் வழி உண்டு: ஓய்வூதியர் வரியைக் கடனாக ஏற்றிக்கொண்டு, வீடு விற்கும்போது வட்டியோடு கட்டலாம். வரியைக் கொண்டுவரும் முன்பே இந்த ஏற்பாட்டைச் சட்டத்தில் எழுதிவிட வேண்டும்; முதல் ரசீது போனபிறகு எழுதினால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.