60 கிலோ நெல்லில் 37 கிலோ அரிசி

2020-இல் திருப்பூரில் வேலை போனது. மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாக்களின் புண்ணியத்தில் எங்கள் பக்கம் நாலைந்து பேராவது மாப்பிள்ளை சம்பா என்கிற பழைய சிவப்பரிசி ரகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் அரிசி கேட்கிறார்கள், இங்கே நெல் கிடக்கிறது, நடுவில் நான் நின்றால் போதும் என்று நினைத்தேன்.

முதல் கொள்முதல் 2021 பிப்ரவரி கடைசியில். கிலோ 35 ரூபாய் என்று 40 மூட்டை. எங்கள் ஊர்க் கணக்கில் மூட்டை என்றால் இரண்டு கலம், 60 கிலோ. மனைவியின் நகையை அடகு வைத்த பணம். அரிசியை 80-க்கு விற்றால் கிலோவுக்கு 45 ரூபாய் லாபம் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார்.

"ஏன் தம்பி, நெல்ல வாங்கி நெல்லாவேவா விக்கப் போற?"

கிண்டல் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மில்லில்தான் விளங்கியது. கருக்காய், கல், உமி, குருணை எல்லாம் போக ஒரு மூட்டைக்கு 37 கிலோதான் தேறியது. அப்படியென்றால் அரிசியின் அடக்கவிலையே 57 ரூபாய். அரவைக்கூலி, பை, வண்டி வாடகை சேர்ந்தால் 70. கடைக்காரருக்கு 80-இல் 20 சதவீதம் கழிவு போக என் கைக்கு வந்தது 64. கிலோவுக்கு ஆறு ரூபாய் கைக்காசைப் போட்டு விற்றிருக்கிறேன். அதுவும் சும்மா இல்லை, நல்ல வியாபாரம் என்று மூன்று மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு. குருணை விற்ற காசு கொஞ்சம் தாங்கியது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் வண்டு. அந்த வருடம் பொங்கல் சமயத்தில் டெல்டாவில் பருவம் தப்பிப் பெய்த மழை ஞாபகம் இருக்கும். சாய்ந்து கிடந்த பயிரை அறுத்த நெல்தான் நான் வாங்கியது. காயப் போடாமல் நேராக மில்லுக்குக் கொண்டுபோனேன். தவிடு நீக்காத சிவப்பரிசி வேறு. ஈரமும் சேர்ந்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். ஏப்ரலில் தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா வீடியோ அனுப்பினார். எவர்சில்வர் தட்டில் கொட்டிய அரிசி மேல் கருப்பாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். திரும்பி வந்த 63 கிலோவும் கோழிக்குப் போனது.

மில்லில் அரைக்கும் அண்ணன்தான் பிறகு சொல்லிக்கொடுத்தார். நாலு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்து, "கடக்குன்னு ஒடையணும். நசுங்குச்சுன்னா ஈரம்" என்றார். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுத்துக்கொள்வார்கள். வைத்திருந்து விற்கிறவனுக்கு 14-க்கு மேல் ஆகாது. ஈரப்பதமானி வாங்கிவிட்டேன். ஆனாலும் முதலில் பல்தான்.

உணவுப் பாதுகாப்புப் பதிவில் நான் பண்ணியது தனிக் கூத்து. வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் அப்போது கட்டணம் 100 ரூபாய்தான். அதைச் செய்வதற்கு முன்பே அவசரப்பட்டு 2,000 பை அச்சடித்துவிட்டேன். பதிவு எண் வந்தது, 14 இலக்கம், பையில் அதற்கு இடமே இல்லை. நானும் மனைவியும் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

கடன் விஷயம் இதையெல்லாம் விட மோசம். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், இயற்கை அங்காடி வைத்திருப்பவர் "அடுத்த லோடுக்குச் சேத்துத் தர்றேன் சார்" என்றே நாலு லோடு எடுத்துக்கொண்டார். சார் என்று கூப்பிட்டதிலேயே நான் விழுந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். 11,400 ரூபாய் நிற்கிறது. ஜெயராமன் ஐயா விதை கொடுத்தபோதுகூட, இரண்டு கிலோ வாங்கியவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. அவ்வளவு பெரிய மனசுக்காரரே தவணை வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். நான் தேதியைக்கூடக் கேட்கவில்லை. கணக்கு நோட்டில் அந்தக் கடன் எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போனபோது பெரியப்பா நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "இருக்கட்டும். புதுசா ஒருத்தன் கேக்குறப்போ எடுத்துப் பாரு."

இப்போது விலை 110. கடைகள் இரண்டுதான், இரண்டும் ரொக்கம். மற்றதெல்லாம் வீடுகள், பணம் வந்த பிறகுதான் அரைக்கிறேன். அதனால் பழைய சரக்கு என்று எதுவும் தங்குவதில்லை.

போன தையில் ஒரு களத்துக்குப் போயிருந்தேன். நெல்லைக் கடித்தேன், நசுங்கியது. "இன்னும் ரெண்டு வெயில் காட்டணும் அண்ணே." களத்துக்காரருக்குப் பிடிக்கவில்லை. "போன வருஷம் வந்தவன் இப்படிக் கடிச்சுப் பாத்துக்கிட்டா நின்னான், அப்படியேல்ல எடுத்துக்கிட்டுப் போனான்" என்றார். போன வருடம் வந்தவன் யார் என்று நான் கேட்கவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.