அவர் மட்டுமே கடந்து போனார்: வேலூரில் ஒரு ஞாயிறு

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை என்றாலே வாக்குத்தத்த அட்டைதான். நள்ளிரவில் வரிசையில் நின்று ஆளுக்கொரு பைபிள் வசனம் எடுப்போம். வேலை, திருமணம், குழந்தை என்று எதற்காகக் காத்திருக்கிறோமோ அதற்கான பதில் அந்த அட்டையில் இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடும். தேவன் செய்த உடன்படிக்கை அதைவிட எவ்வளவு ஆழமானது என்பது ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து தவக்காலத்தில் அத்தையோடு வேலூர் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

ராணிப்பேட்டையில் பஸ் ஏறினோம். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் அத்தை பைபிளைத் திறந்து, ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தை என்னிடம் நீட்டி, "சத்தமா படி கண்ணு" என்றார்.

ஆபிராமுக்குப் பிள்ளை இல்லை. வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார் கர்த்தர். கானான் தேசத்தையும் உனக்குத் தருவேன் என்கிறார். அதை "எதனால் அறிவேன்?" என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்விக்குக் கர்த்தர் கோபப்படவில்லை. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, புறாக்கள் கொண்டுவரச் சொல்கிறார். மிருகங்களை நடுவாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, உடன்படிக்கை செய்கிறவர்கள் நடுவே நடந்து போவது அந்தக் காலத்து முறை. சொன்ன சொல்லை மீறினால் இந்த மிருகங்களின் கதிதான் எனக்கும் என்பது அதன் பொருள். எரேமியா 34-ஆம் அதிகாரத்திலும் இதே வழக்கம் வருகிறது.

ஆனால் இங்கே ஆபிராம் நடக்கவே இல்லை. அயர்ந்து தூங்குகிறான். புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. அவை தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளம்.

"ஏன் அத்தை, ரெண்டு பேரும்தானே நடக்கணும்?"

"அவன் நடந்திருந்தா அவன் தவறுன அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். அதான் அவரே முழுப் பொறுப்பையும் ஏத்துக்கிட்டாரு."

வேலூர்க் கோட்டைக்குள், அகழியைத் தாண்டிப் போனால், 1846-ல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம் இருக்கிறது. அன்று அங்கே திருவிருந்து ஆராதனை. இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைத்து அப்பமும் ரசமும் பெறும் ஆராதனை அது. இயேசு அன்று சொன்ன "இந்தப் பாத்திரம் உங்களுக்காகச் சிந்தப்படுகிற என்னுடைய இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கையாயிருக்கிறது" என்று ஆயர் வாசித்தபோது, பஸ்ஸில் படித்த பிளவுண்ட மிருகங்கள் என் கண்முன் வந்து நின்றன. உடன்படிக்கையை மீறியவர்கள் நாம். பிளக்கப்பட்டது இயேசுவின் சரீரம். எத்தனையோ முறை அந்தப் பாத்திரத்தை வாங்கியிருக்கிறேன். அன்று கை நடுங்கியது.

அப்புறம் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நடந்தோம். எங்கள் ஊர் ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது அது. நோயுற்ற தாய்க்கு உதவ மறுபடியும் இந்தியா வந்தவர், அமெரிக்காவுக்கே திரும்பிவிட நினைத்திருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அதுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது.

உள்ளே இருக்கும் சிற்றாலயத்தில் உட்கார்ந்தோம். பக்கத்தில் வங்காள மொழியில் முணுமுணுத்தபடி ஒரு தாய், கையில் ரிப்போர்ட் கவர். இந்த இடத்தில்தான் அட்டை வசனம் எனக்குப் போதவில்லை. "உங்கள் பிள்ளை நிச்சயம் பிழைக்கும், கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று யாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களால் எத்தனை பேர் பிற்பாடு விசுவாசத்தையே இழந்து நிற்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பெரிய வலி.

ஆபிராம்தான் பிற்பாடு ஆபிரகாம். அவர் ஆரான் ஊரை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. தேசம் முழுவதும் உனக்கு என்று வாக்குப் பெற்றவர், மனைவி சாராளை அடக்கம் செய்ய 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்க வேண்டியிருந்தது. வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. ஆனால் அவர் அதன் முழு நிறைவைக் கண்ணால் பார்க்கவில்லை. தம்மிலும் பெரியவர் ஒருவரும் இல்லாததால் தேவன் தம்மைக்கொண்டே ஆணையிட்டார் என்கிறது எபிரெயர் 6. அந்தத் தாய்க்காக நான் ஜெபிக்கும்போது பற்றிக்கொள்ள முடிந்தது அந்த ஆணையை மட்டும்தான்: கர்த்தர் தம் ஜனத்தைக் கைவிட மாட்டார். சுகமும் கேட்டேன், மனதார, மன்றாடிக் கேட்டேன்.

அத்தை அந்த அம்மாவின் தோளில் கை வைத்தார். பாஷை தெரியாது. அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களை உள்ளே கூப்பிடும் நேரம் வரை நாங்களும் அங்கேயே இருந்தோம். திரும்பும் பஸ்ஸில், புதிய உடன்படிக்கையின் வாக்கு வரும் எரேமியா 31 படிக்கத் தொடங்கினோம்.